கீழ்வாய் இடப்பக்கம்

அன்று காலையில் வந்த பதினோராவது வாய் அது.

அந்த டென்டல் லேபில் எல்லாரும் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். "இன்னைக்கு எத்தனை வாய்?" என்று முதலாளி கேட்பார். "பதினாறு சார், அதுல ரெண்டு பொக்கை" என்று யாராவது பதில் சொல்வார்கள். முன்பெல்லாம் மருத்துவர்கள் பசை நிரப்பிய தட்டை நோயாளியின் வாயில் அழுத்தி, அந்த அச்சை ஈரத்துணியில் சுற்றி டப்பாவில் அனுப்புவார்கள். அதில் சிலை செய்கிற வெள்ளைச் சாந்து மாவைக் கரைத்து ஊற்றி, காயவைத்து, பல்லைச் செய்ய வேண்டும். இப்போது டார்ச் லைட் மாதிரி ஒரு கருவியை வாய்க்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். பல், ஈறு, இடுக்கு எல்லாம் படமாகி இங்கே திரையில் வந்து நின்றுவிடுகிறது.

அங்கே வேலை பார்க்கும் அவளுக்குத் தெருவில் பல்லுக்காரி என்று பெயர். மாவுத் தூசியில் பத்து வருஷம் இருமியவள் என்பதால், கணினி வந்ததில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் கொண்டாட்டம்தான். எந்த ஊர் வாயையும் உட்கார்ந்த இடத்தில் இருந்தே மவுஸை உருட்டித் திருப்பிப் பார்க்கலாம். உள்ளே நுழைந்து நாக்கு இருக்கும் இடத்தில் நின்றுகொண்டு பல்லை நிமிர்ந்து பார்க்கலாம். ஆள் யார், எப்படி இருப்பார் என்றெல்லாம் தெரியாது. சீட்டில் ஒரு பெயர், வயது, எந்தப் பல் என்ற விவரம், அவ்வளவுதான்.

இந்தச் சீட்டில் வயது நாற்பத்திரண்டு என்று இருந்தது. கீழ்வாய், இடப்பக்கம், ஏழாவது பல்லுக்கு கேப், அதாவது மேலே மாட்டும் உறை. ஐந்து மணி நேரப் பஸ் தூரத்தில் இருக்கும் ஓர் ஊர் கிளினிக். அவள் பல்லின் விளிம்பைச் சுற்றிக் கோடு இழுத்தாள். கேப் பக்கத்துப் பல்லோடு சரியாக உரச வேண்டும் என்பதற்காக ஆறாவது பல்லைத் திருப்பினாள். அதில் ஏற்கெனவே ஒரு பழைய கேப் இருந்தது. நாக்குப் பக்கம், பின்முனைக்குக் கீழே, தேவையே இல்லாமல் ஒரு சின்னப் பள்ளம். நகத்தால் கீறிய மாதிரி.

எந்த மடையன் போட்டது இது என்று நினைத்துச் சிரிக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அந்தக் கோடு அவளுடையது. வேலை பழகிய முதல் வருஷத்தில் அவள் கை தன்னால் போட்டுவிடும் கோடு. சொல்லிக்கொடுத்தவர் தலையில் அடித்துக்கொள்வார்: "இந்தக் கோடு எந்த மனுஷன் பல்லுல இருக்கு, காட்டு பார்ப்போம்?" ஒரு வருஷத்தில் அந்தப் பழக்கம் போய்விட்டது. அதற்கு முன் அவள் செய்து வாய்க்குள் போன கேப்புகள் நான்கோ ஐந்தோதான். முதலாவது அண்ணனுக்கு. "யாராவது ஒருத்தன் வாயில போட்டுத்தானே பழகணும் பாப்பா? என் வாயிலயே போடு. கோணலா இருந்தா அண்ணியைப் பார்த்துச் சிரிக்காம இருந்துக்கறேன்" என்று தானாக வந்து நின்றவன் அவன்.

அவள் மேல்வாயைத் திருப்பினாள். இடது ஓரத்தில் அரிசி மணி போல ஒரு சின்னப் பல். கீழே முன்பல் இரண்டு, வரிசையில் முண்டியடிக்கும் ஆட்கள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன.

சீட்டில் இருந்த பெயர் வேறு யாருடையதோ. அண்ணன் செத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

"என்னக்கா, முகம் வெளுத்துப் போச்சு? சாப்பிடலையா?" என்று பக்கத்து மேஜைப் பெண் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. தலைவலி."

அவளுடைய இழுப்பறையின் அடியில் முதன்முதலில் செய்த வேலைகளின் மாவு அச்சுகள் கிடந்தன. அண்ணனுடையதைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். அதை எடுத்து மேஜை ஸ்கேனருக்குள் வைத்தாள். அச்சு இரண்டு தடவை சரிந்தது. பழைய வாயும் புதிய வாயும் திரையில் அக்கம்பக்கமாக வந்தன. ஒன்றன்மேல் ஒன்றை வைத்துப் பார்க்க ஒரு வசதி உண்டு. ஒத்துப்போகும் இடமெல்லாம் பச்சை, மாறிய இடம் சிவப்பு.

பொத்தானை அழுத்தினாள். அன்று கேப்புக்காகச் சீவிய ஆறாவது பல்லும், இப்போது சீவியிருக்கும் ஏழாவதும் மட்டும் சிவப்பாக நின்றன. மீதி வாய் முழுக்கப் பச்சை.

*

அண்ணி ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவள். மதியத்துக்கு மேல் வீட்டுக்கு வந்து, குளித்து, துவைத்த துணியை மொட்டைமாடியில் காயப்போடுவாள். அண்ணன் போன பிறகும் அவள் இந்த வீட்டைவிட்டுப் போகவில்லை. "போனா உங்க அம்மாவை யாரு சமாளிக்கறது?" என்பாள். உண்மையில் நாத்தனாரும் அண்ணியும் ஒருவரை ஒருவர் விட்டு இருக்க முடியாதவர்களாக ஆகியிருந்தார்கள்.

பல்லுக்காரி அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு நேரே மாடிக்கு வந்தாள். கீழே அடுக்களையில் அம்மா பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது.

"அண்ணி, உட்காருங்க."

"ஈரத்துணியைக் கையில வச்சுக்கிட்டு எங்க உட்கார? வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?"

"அண்ணன் உயிரோட இருக்காரு."

அண்ணி கையில் இருந்த போர்வையைக் கொடியில் போட்டாள். இரண்டு ஓரத்தையும் இழுத்து நேராக்கினாள். கிளிப் மாட்டினாள். அதற்குப் பிறகுதான் திரும்பினாள்.

"வெயில்ல நடந்து வந்தியா நீ?"

"நான் போட்ட கேப் அண்ணி. என் கோடு. பழைய அச்சை மேல வச்சுப் பார்த்துட்டேன், அப்படியே உட்காருது. உலகத்துல ரெண்டு பேருக்கு அந்த மாதிரி வாய் இருக்காது. நேத்து ஒரு கிளினிக்ல உட்கார்ந்து வாயைத் திறந்திருக்காரு."

"நீதானே பார்த்துச் சொன்னே?" அண்ணியின் குரல் ஒரேயடியாகத் தாழ்ந்துவிட்டது. "ஆஸ்பத்திரிப் பிணவறைக்குள்ள நீதானே போனே? முகம் தெரியல, பல்லு வேலை செய்யற பொண்ணு பார்த்துச் சொல்லட்டும்னு போலீஸ்காரர் உன்னைத்தானே கூட்டிட்டுப் போனாரு?"

"போனேன்."

"அப்புறம்?"

"பார்க்கல அண்ணி."

கீழே அம்மா ஏதோ கேட்டாள்.

"துணியை விலக்கினாரு. நான் கண்ணை இறுக மூடிக்கிட்டேன். அவரோட வேலைக் கோட்டு எரிஞ்சது போக மிச்சம், பேட்ஜு எல்லாம் அந்த உடம்பு மேலதான் இருந்துச்சுன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. அவரேதானேம்மான்னு கேட்டாரு. ஆமான்னு தலையாட்டிட்டேன். ஒரு தடவை கண்ணைத் திறந்து கீழ்வாயைப் பார்த்திருந்தா போதும். திறக்கல. யாருகிட்டயும் சொல்லவும் இல்ல."

அண்ணி கைப்பிடிச் சுவரில் சாய்ந்தாள். அழப்போகிறாள் என்று பல்லுக்காரி நினைத்தாள். சிரித்தாலும் ஆச்சரியம் இல்லை. இரண்டும் நடக்கவில்லை. அண்ணியின் கண் எங்கேயோ நிலைகுத்தி நின்றது.

"அப்ப நாம யாரைப் புதைச்சோம்?"

காலையில் இருந்து அந்தக் கேள்வி பல்லுக்காரிக்குத் தோன்றவே இல்லை. அண்ணி கேட்ட பிறகு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதை இருவருமே வாய்விட்டுச் சொல்லப் பயந்தார்கள்.

அண்ணன் ஒரு பெயிண்ட் கிடங்கில் பொறுப்பாளனாக இருந்தான். பட்டப்பகலில் கிடங்கு தீப்பிடித்து எரிந்த அன்று இன்னொரு ஆளும் காணாமல் போனான். மூட்டை இறக்குகிறவன். அதிகம் பேசாததால் ஊமையன் என்று கூப்பிடுவார்கள். அவன்தான் பீடியைப் போட்டுத் தீ வைத்துவிட்டு ஓடிவிட்டான் என்று ஊரே சொன்னது, போலீசும் தேடியது. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவன் பெண்டாட்டி இந்த வீட்டு வாசலில் வந்து நின்றாள். "எங்க வீட்டுக்காரரு அப்படிப்பட்ட ஆளு இல்லைங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அம்மா அவளைக் கண்டபடி ஏசினாள்.

"நான் காறித் துப்பினேன் பாப்பா," என்றாள் அண்ணி. "அவ கால் மேல பட்டுச்சு. அவ துடைக்கக்கூட இல்ல."

*

ஸ்கேனில் குறை ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் பல்லுக்காரி கிளினிக்குக்குப் போன் செய்தாள். "விளிம்பு சரியா விழலை டாக்டர். இப்படியே செஞ்சா கேப் உட்காராது. அவரை மறுபடி வரச் சொல்லுங்க. நானும் வந்து கூட இருந்து பார்த்துக்கறேன்." இத்தனை வருஷத்தில் வேலையில் அவள் சொன்ன முதல் பொய்.

அம்மாவிடம் லேப் வேலையாக வெளியூர் போவதாகச் சொல்லிவிட்டு, துணைக்கு அண்ணியையும் கூட்டிக்கொண்டு வியாழக்கிழமை விடியலில் கிளம்பினாள். பஸ்ஸில் ஐந்து மணி நேரமும் அண்ணி வாய் திறக்கவில்லை. இறங்கும்போது மட்டும், "வேற ஆளா இருந்தா நல்லா இருக்கும் இல்ல?" என்றாள்.

கிளினிக் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. பக்கத்தில் ஓட்டல் ஒன்றும் இல்லாததால் அண்ணி வெளியே மாடிப்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். பல்லுக்காரியை உள்ளே நாற்காலிக்குப் பின்னால், திரைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார்கள்.

அவன் மருத்துவர் அறையின் இன்னொரு கதவு வழியாக வந்தான். தலையில் பாதி முடி இல்லை. மெலிந்திருந்தான். நாற்காலியில் படுத்து, விளக்கு வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டான். உதவியாளப் பெண் கருவியை வாய்க்குள் விட்டாள்.

அவள் திரையைப் பார்த்தாள். நாற்காலியில் இருப்பவனைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கடைவாயில் தொடங்கி ஒவ்வொரு பல்லாக, வெற்றிடத்தில் இருந்து முளைப்பதுபோல வந்தது. ஏழாவது. ஆறாவது, அவள் போட்ட கோட்டோடு. ஐந்தாவது. முண்டியடிக்கும் முன்பற்கள்.

"அண்ணா," என்றாள்.

திரையில் படம் துள்ளி, அறுந்து, நின்றுபோனது.

"அசையாதீங்க சார்," என்றாள் உதவியாளப் பெண். "படம் கலைஞ்சிடுச்சு. முதல்ல இருந்து எடுக்கணும்."

அவன் வாயில் கருவியோடு அப்படியே கிடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. கடைக்கண்ணில் இருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

"வலிக்குதா சார்?"

அவன் இல்லை என்று தலையாட்டினான்.

படியில் உட்கார்ந்திருந்த அண்ணி, பல்லுக்காரி அவனை வெளியே கூட்டி வந்தபோது எழுந்திருக்கவில்லை. மேலே நின்றவனைத் தலைமுதல் கால்வரை பார்த்தாள். கடையில் வாங்கிய துணியைப் பிரித்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

"அது யாரு?" என்று கேட்டாள்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு படி கீழே இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"ஊமையன்," என்றான்.

"எப்படி?"

"அன்னைக்கு மைதானத்துல ஒரு ஆட்டம். ஒரு மணி நேரம் பார்த்துட்டு வந்துடலாம்னு... முதலாளி கம்பி ஜன்னல் வழியா எட்டிப் பார்ப்பாரு. அதான் என் வேலைக் கோட்டை அவன்கிட்டக் கொடுத்து, போட்டுக்கிட்டு முதுகைக் காட்டி உட்காருடான்னேன். சிரிச்சான். சரக்கு கேட்டு யாராவது உள்ள வந்துட்டா அவன் வாயே திறக்க மாட்டானேன்னு..."

"ம்."

"வெளியில பூட்டிட்டுப் போனேன்."

மருந்துக்கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணியின் வாய் கொஞ்சம் திறந்தபடியே இருந்தது.

"திரும்பி வரும்போது புகை. தெருமுனையில இருந்தே தெரிஞ்சுது. சாவி என் பையில. ஓடினேன், நிஜமா கதவுகிட்ட ஓடினேன். ஷட்டரைத் தொட முடியல, அவ்வளவு சூடு. உள்ள தட்டற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் கேக்கல. கூட்டம் வர ஆரம்பிச்சுது. நான் பின்னால போனேன். இன்னும் கொஞ்சம் பின்னால போனேன். அப்படியே போயிட்டேன். ரெண்டு நாள் கழிச்சுப் பேப்பர்ல பார்த்தா நான் செத்துட்டேன்னு போட்டிருக்கு. தங்கை அடையாளம் காட்டினாள்னு." அவன் பல்லுக்காரியை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். "நீ தெரிஞ்சேதான் எனக்காக அப்படிச் சொன்னேன்னு நினைச்சேன் பாப்பா. இத்தனை வருஷமும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

"நான் கண்ணைத் திறக்கவே இல்லைண்ணா."

அண்ணி எழுந்தாள். புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"ஒரு மணிக்குப் பஸ் இருக்கு. வா."

"எங்க?"

"போலீஸ் ஸ்டேஷனுக்கு. பேப்பர்ல நீ செத்த ஊருக்கு."

"வீட்டுக்கு ஒருதடவை... அம்மாவை..."

"அவன் தட்டினான்ல?" அண்ணி படியிறங்கத் தொடங்கினாள்.

அவன் வந்தான். ஓடுவான் என்று பல்லுக்காரி எதிர்பார்த்தாள். ஓடவில்லை. மூன்று பேர் உட்காரும் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஊர் நெருங்க நெருங்கச் சட்டைப் பொத்தானைத் திருகித் திருகி அறுத்துவிட்டான்.

*

அம்மாவுக்குச் சொன்னபோது அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தி கையில் இருந்தபடியே எழுந்து, செருப்புகூடப் போடாமல் வாசல்வரை ஓடினாள். "எங்கே? எங்கே என் பிள்ளை?" முகம் அப்படி மலர்ந்ததை ஆறு வருஷமாக வீட்டில் யாரும் பார்த்ததில்லை. ஸ்டேஷனில் விட்டுவிட்டு வந்தோம் என்று தெரிந்ததும் அந்த முகம் அப்படியே கறுத்து மருமகள் பக்கம் திரும்பியது.

"நீ பொம்பளைதானாடி? செத்தவன் எழுந்து வந்திருக்கான். ஓசைப்படாம வீட்டுக்குள்ள கூட்டிட்டு வர்றதை விட்டுட்டு..."

"அத்தை, உள்ள ஒருத்தன் வெந்து செத்திருக்கான்."

"செத்தவன் செத்துட்டான்! இனிமே அவனுக்கு என்ன? யாரு வந்து கேக்கப் போறா?"

"கேட்டுக்கிட்டு ஒருத்தி வந்தாளே அத்தை. நாமதான் துரத்தினோம்."

அம்மா கத்தியைக் கீழே போட்டுவிட்டு, அடுக்குப் பாத்திரத்தில் சோறு போட்டு மூடி, ஸ்டேஷனுக்குக் கிளம்பிப் போனாள். யாரும் தடுக்கவில்லை. பல்லுக்காரி அன்றே ஸ்டேஷனில் தானும் எழுதிக் கொடுத்திருந்தாள். பார்க்காமல் அடையாளம் சொன்னேன் என்று. எழுத்தர் இரண்டு தடவை கேட்டார்: "பார்க்காமலா?" இரண்டு தடவையும் ஆமாம் என்றாள்.

ஊமையன் வீட்டுக்குப் போலீஸ் போவதற்குள் நாம் போய்விட வேண்டும் என்று அண்ணி சொன்னாள். மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் சந்தைக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்தில் இருவரும் நின்றார்கள். முன்னறையில் ஒரு மேஜை. அதன்மேல் பழைய கம்பளி விரித்து, ஊமையன் பெண்டாட்டி துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். யாருடைய வெள்ளைச் சட்டைகளோ ஒரு பக்கம் அடுக்கி இருந்தன.

அண்ணியைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது. தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"என்ன?"

"உட்காரலாமா?"

"நின்னே சொல்லுங்க. நானும் அன்னைக்கு நின்னுதானே சொன்னேன்."

பல்லுக்காரிதான் சொன்னாள். வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. ஸ்கேன், கோடு, கேப் என்று எங்கேயோ தொடங்கினாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. புருவத்தைச் சுருக்கி, கிறுக்கியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அண்ணி இடையில் புகுந்தாள்.

"தீயில செத்தது என் வீட்டுக்காரர் இல்லைங்க. அவரு உயிரோட இருக்காரு. உங்க வீட்டுக்காரரை உள்ள உட்காரவச்சு வெளியில பூட்டிட்டுப் போனது அவருதான். நாங்க புதைச்சது உங்க வீட்டுக்காரரை."

சட்டையின் காலருக்கு மேல் இஸ்திரிப் பெட்டி நின்றுவிட்டது. துணி கருகும் வாசனை வந்தது. பல்லுக்காரி கை நீட்டுவதற்குள் அவளே பெட்டியைத் தூக்கி நிமிர்த்தி வைத்தாள்.

"அப்ப அவரு ஓடிப் போகலையா?"

"இல்லைங்க."

"தீ வைக்கல?"

"இல்ல. பூட்டின கதவுக்குள்ள உட்கார்ந்து யாரு தீ வைப்பா? உதவின்னு கேட்டதுக்கு உட்கார்ந்திருக்காரு."

அவள் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தாள். கருகிய சட்டையை மடித்து ஓரமாக வைத்தாள். இருவரையும் தாண்டிக்கொண்டு சந்தில் இறங்கினாள். எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள், அதற்கு அடுத்த வீட்டை, அதற்கும் அடுத்ததை. பல் விளக்கிக்கொண்டும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டும் ஆட்கள் வெளியே வந்தார்கள்.

"எங்க வீட்டுக்காரரு ஓடிப் போகல!" என்றாள். ஆறு வருஷமாக அந்தச் சந்தில் தலைகுனிந்து நடந்தவளின் குரலா அது என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முகம் அப்படியே பிரகாசமாக இருந்தது. "என்னை விட்டுட்டுப் போயிட்டான்னு சொன்னீங்களே, கேட்டுக்குங்க! அவரு ஓடிப் போகல! எங்கயும் போகல!"

குழாயடியில் நின்ற இரண்டு பேரிடம் போய்த் திரும்பவும் சொன்னாள். சந்து முனையில் சைக்கிளில் வந்த பால்காரரை நிறுத்தி, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு எங்கயும்..."

மூன்றாவது தடவை சொல்லும்போதுதான், எங்கேயும் போகவில்லை என்றால் அவர் என்ன ஆனார் என்பது அவளுக்கு உறைத்தது. பால்காரரின் கையை விட்டாள். நடுச் சந்தில் அப்படியே உட்கார்ந்தாள். அண்ணி ஓடிப்போய்ப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.